அச்சுக்கு அடியில் ஒரு லாந்தர்

எங்கள் அப்பாருவின் இரட்டை மாட்டு வண்டியில் அச்சுக்கு அடியில் ஒரு லாந்தர் தொங்கும். அப்போதைய சரவணம்பட்டி, இப்போதுபோல் கண்ணாடிக் கட்டடங்களும், நடுநிசியிலும் தேநீர் ஆற்றும் கடைகளுமாக இருந்த ஊர் அல்ல. சோளக்காடும் நிலக்கடலைக் காடும், இடையிடையே ஆழமான கிணறுகளும், வேலியோரத்துக் கிளுவை மரங்களுமாக இருந்தது. பொழுது சாய்ந்தால் சத்தி ரோடே இருண்டு போகும். அந்த இருட்டில் அன்னூர்ச் சந்தை முடிந்து திரும்புகிற வண்டிகளைத் தூரத்திலிருந்து பார்த்தால் வண்டியும் தெரியாது, மாடும் தெரியாது. தரைக்கு ஒரு முழ உயரத்தில் மஞ்சளாக ஒரு புள்ளி மட்டும் ஆடி ஆடி வரும்.

சிறுவனாக இருந்தபோது எனக்கு ஒரு சந்தேகம். விளக்கை முன்னால் கட்டினால் வழி தெரியுமே, அடியில் கட்டினால் யாருக்குப் பிரயோஜனம்? அப்பாருவிடம் கேட்டேன். "மாட்டுக்கு வழி தெரியும் கண்ணு. வெளக்கு நமக்கில்ல, பொறத்தால வாரவனுக்கு" என்றார். எனக்கு அது அன்றைக்கே விளங்கிவிட்டது. விளங்கிய விஷயத்தை அறுபது வயதுக்குள் மறந்துபோனதுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

சில வருஷங்களுக்கு முன், ஒரு கார்த்திகை மாதம். புளியம்பட்டியில் உறவினர் வீட்டுக் கல்யாணம். மாலை வரவேற்பை முடித்துக்கொண்டு நானும் என் மனைவியும் எங்கள் பழைய காரில் வீடு திரும்பிக்கொண்டிருந்தோம். நான் முப்பது வருஷமாகக் கார் ஓட்டுகிறவன். இதுவரை யார் மீதும் மோதியதில்லை என்று நாலு பேர் நடுவில் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறவன். இந்த மாதிரி ஆசாமிகள்தான் மிகவும் அபாயமானவர்கள் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. மோதாமல் இருந்தது நம்முடைய சாமர்த்தியமா, எதிரே வந்தவர்களின் ஜாக்கிரதையா என்று நாம் கணக்குப் பார்ப்பதே இல்லை அல்லவா?

அன்னூரைத் தாண்டியதும் என் மனைவி சொன்னாள்:

"ஏனுங்க, அங்க ஏதோ செவப்பா எரியுதுங்களே?"

பார்த்தேன். ஸ்டீரிங்குக்குப் பின்னால், கடுகைவிடச் சற்றுப் பெரியதாக ஒரு சிவப்பு விளக்கு. சின்னப் பெட்டி ஒன்றின் மேல் இரண்டு கொம்பு வைத்த மாதிரி ஒரு படம். அது பாட்டரி என்பது எனக்குத் தெரியும். கதை எழுதுகிறவனுக்கு எந்தப் படத்துக்கும் ஓர் அர்த்தம் கற்பிக்கத் தெரியாமலா போய்விடும்?

"அதுவா? பாட்டரி சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கிறது என்று காட்டுகிறது" என்றேன்.

"அப்படின்னா வரும்போது எரியலீங்களே?"

"வரும்போது நிறைந்திருந்தது" என்றேன், கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

உண்மை இதற்கு நேர் விரோதமானது. பாட்டரிக்கு மின்சாரம் வருவது நின்றுவிட்டது என்பதுதான் அந்த விளக்கின் பொருள். எங்கள் வண்டியைப் போன்ற பழைய வண்டிகள் பலவற்றில் ஒரே ஒரு ரப்பர் பெல்ட்தான் மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரையும் சுற்றுகிறது; எஞ்சினைக் குளிர வைக்கிற தண்ணீர்ப் பம்பையும் சுற்றுகிறது. அந்த பெல்ட் அறுந்தால் முதலில் எரிவது பாட்டரி விளக்கு. சற்று நேரத்தில் உஷ்ணமானியின் முள் ஏறும். ஒன்று சொன்னதைக் கேட்காதவனுக்கு இன்னொன்று சொல்கிறது. நான் இரண்டையும் கேட்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் பந்தியில் எங்களைச் சரியாகக் கவனிக்கவில்லை என்ற முக்கியமான விஷயத்தைப் பேசிக்கொண்டு வந்தேன்.

நாலைந்து கிலோமீட்டர் போனதும் முகப்பு விளக்குகள் மங்கின. பானட் ஓரத்திலிருந்து வெள்ளையாக ஆவி எழுந்தது. எஞ்சின் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. வண்டி பாதி தார் ரோட்டிலும் பாதி மண்ணிலுமாக நின்றுபோயிற்று. இரண்டு பக்கமும் சிக்னல் விளக்குகளை மினுக்க விடும் பொத்தானை அழுத்தினேன். அவை இரண்டு முறை சோம்பலாகக் கண் விழித்துப் பார்த்துவிட்டு, அப்புறம் விழிக்கவே இல்லை. பாட்டரியில் இருந்த சொச்சமும் தீர்ந்துவிட்டது.

அமாவாசையை ஒட்டிய இரவு. எங்கள் காரின் நிறமோ கருநீலம்.

நம் ஊரில் வண்டி நின்றால் எல்லோரும் என்ன செய்வார்களோ அதையே நானும் செய்தேன். வேலியில் ஒரு கிளையை ஒடித்தேன். சாலையோரத்தில் கிடந்த கற்களில் தலையளவுக் கற்கள் நாலைப் பொறுக்கி, காருக்குப் பின்னால் பத்தடி தள்ளி வரிசையாக வைத்து, நடுவே கிளையை நட்டேன். பெரிய பாதுகாப்பு செய்துவிட்ட திருப்தி எனக்கு. என் மனைவி காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். ஒரு லாரி எங்களைக் கடந்தபோது கார் முழுவதும் ஆடியது.

அப்போது பின்னாலிருந்து ஒரு டிராக்டர் வந்தது. டிரைலர் நிறையச் சோளத்தட்டு. தட்டு இரண்டு பக்கமும் பிதுங்கிக்கொண்டு, டிரைலரின் பின்விளக்கை அடியோடு மறைத்திருந்தது. ஆனால் பாரத்தின் மேல், நல்ல உயரத்தில், சிவப்பு விளக்கு ஒன்று 'பளிச், பளிச்' என்று மினுங்கிற்று. இரண்டு கடைசிகளிலும் பழைய சினிமாத் தட்டுகளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். எதிரே வந்த வண்டியின் வெளிச்சம் பட்டதும் அவை நிலவுத் துண்டுகள் மாதிரி ஜொலித்தன.

டிராக்டர் எங்களைத் தாண்டிப் போய், தார் ரோட்டை விட்டு முழுதாக இறங்கி நின்றது. எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் இறங்கி வந்தார். தலையில் துண்டு, கையில் டார்ச்.

"ஏனுங்க, வண்டி நின்னு போச்சுங்ளா? ஒறம்பரைக்குப் போய்ட்டு வாரீங்களாட்ட இருக்குது" என்றவர், நான் பதில் சொல்வதற்குள் காருக்குள் டார்ச் அடித்தார். "அம்மிணி, உள்ள உக்காராதீங்க. எறங்கி அக்கட்டால, வேலிகிட்டப் போய் நில்லுங்க. நீங்களுந்தானுங்க."

அடுத்தபடியாக அவர் செய்ததுதான் எனக்கு விசித்திரமாக இருந்தது. நான் வைத்த கற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வேலிக்கு அப்பால் எறிந்தார். "நாலா, அஞ்சா வெச்சீங்க?" என்று கேட்டார். நாலு என்றேன். நாலும் வந்துவிட்டதா என்று விரல் விட்டு எண்ணினார். பிறகு டிராக்டரின் சாமான் பெட்டியிலிருந்து சைக்கிள் கடையில் விற்கிற மாதிரியான இன்னொரு சிவப்பு மினுக்கு விளக்கை எடுத்துக்கொண்டு, வந்த வழியே நூறு தப்படி நடந்து, சாலையோரத்து மைல்கல்லின் மேல் அதை வைத்துவிட்டு வந்தார்.

அந்த நூறு தப்படியின் கணக்கை நான் பின்னால் போட்டுப் பார்த்தேன். மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி ஒரு விநாடியில் பதினாறு மீட்டருக்கு மேல் ஓடிவிடுகிறது. கண்ணில் பட்டது இன்னதென்று புரிந்து கால் பிரேக்குக்குப் போவதற்குள் ஒரு விநாடியாவது ஆகும். மிதித்த பிறகும் வண்டி ஒரே அடியாக நின்றுவிடாது. நான் வைத்த கற்களோ பத்தடி. அதாவது, பின்னால் வருகிறவன் என் கற்களைப் பார்ப்பதும் என் காரில் மோதுவதும் ஏககாலத்தில் நடந்திருக்கும்.

"ரெண்டு மைலுல நம்ம தோட்டமுங்க. இந்தத் தட்டை எறக்கிப் போட்டு, வெறும் டிராக்டர்ல வந்து இழுத்துட்டுப் போறேன்" என்றார்.

"இப்போதே டிரைலருக்குப் பின்னால் கட்டிவிட்டால் என்ன?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "டிராக்டரு, அதுக்குப் பொறத்தால டிரைலரு, அதுக்குப் பொறத்தால உங்க காருன்னு கோத்துட்டுப் போனா அதுக்குப் பேரு வண்டி இல்லீங்க, ரயிலு. ரயிலுக்குத் தண்டவாளம் வேணுமுங்களே!"

சரி, அம்மாவையாவது டிரைலரில் ஏற்றிக்கொண்டு போங்கள் என்றேன். அதற்கும் தலையை ஆட்டிவிட்டார். "டிரைலர்ல ஆளை ஏத்தறதில்லீங்க. இருங்க, சித்த நேரத்துல வந்தர்றேன்."

அவர் போய்த் திரும்புவதற்கு அரைமணி நேரம் ஆயிற்று. நானும் என் மனைவியும் வேலியோரம் நின்றுகொண்டிருந்தோம். சத்தி ரோட்டில் நான் ஆயிரம் தடவை கார் ஓட்டியிருக்கிறேன். இரவில் அதன் ஓரத்தில் நின்று பார்த்தது அன்றுதான். வண்டியின் உள்ளே இருப்பவனுக்கு மெதுவாகத் தோன்றுகிற வேகம் வெளியே நிற்பவனுக்கு எவ்வளவு பயங்கரமானது! லாரிகள் போயின, பஸ்கள் போயின. ஒவ்வொரு வண்டியும் தூரத்திலேயே அந்தச் சிவப்பு மினுக்கலைக் கண்டு சற்று விலகிற்று.

கடைசியாக ஒரு மோட்டார் சைக்கிள். கல்லூரிப் பையன்கள் மாதிரி இரண்டு பேர். வண்டியின் முன்விளக்கு அழுது வடிந்துகொண்டிருந்தது, வேகமோ அமிதம். சாலையின் இடது ஓரத்தை ஒட்டி வந்தார்கள். நான் கற்களை வரிசை வைத்திருந்தேனே, அதே நேர்க்கோடு. மைல்கல்லின் மேலிருந்த விளக்கைப் பார்த்ததும் வண்டி லேசாக வலது பக்கம் சாய்ந்து எங்கள் காரைச் சுற்றிக்கொண்டு போயிற்று. ஏதோ வேடிக்கை பேசிச் சிரித்துக்கொண்டே போனார்கள். தங்களுக்கு ஏதோ நடக்காமல் போயிற்று என்பதே அவர்களுக்குத் தெரியாது. என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

பெரியவர் வெறும் டிராக்டரோடு திரும்பி வந்தார். தாம்புக் கயிறு ஒன்றை இரட்டையாக மடித்துக் கட்டினார். கயிற்றின் நடுவே தம் தலைத் துண்டை அவிழ்த்து முடிந்தார். குறுக்கே யாராவது புகுந்தால் கயிறு கண்ணுக்குத் தெரிய வேண்டுமாம். மைல்கல்லின் மேலிருந்த விளக்கை எடுத்து வந்து எங்கள் காரின் பின்பக்கம் கட்டினார். டிராக்டரில் ஏறியதும் காலால் எதையோ தட்டிச் சரிபார்த்தார். டிராக்டருக்கு இடது சக்கரத்துக்கு ஒன்று, வலது சக்கரத்துக்கு ஒன்று என்று இரண்டு பிரேக் மிதிகள் உண்டு. காட்டுக்குள் உழும்போது ஒரு பக்கத்தை மட்டும் மிதித்து அங்கேயே திருப்பிக்கொள்ளலாம். ரோட்டுக்கு ஏறினால் இரண்டையும் சேர்த்துக் கொண்டி மாட்டிவிட வேண்டும். மாட்ட மறந்து ஒன்றை மட்டும் மிதித்தால், ஓடுகிற டிராக்டர் ஒரு பக்கமாகத் திரும்பிக் குப்புற விழும். அவர் தட்டிப் பார்த்தது அந்தக் கொண்டியைத்தான்.

எனக்கு அவர் சொன்ன புத்திமதிகள் மூன்று. "சாவியை உருவிப் போடாதீங்க, ஸ்டீரிங் பூட்டிக்கும். எஞ்சின் ஓடாதபோது பிரேக்கு கல்லாட்ட இருக்கும், பலங்கொண்ட மட்டும் மிதிக்கோணும். கயிறு தொய்யாமப் பாத்துக்கோங்க; தொஞ்சு போயி வெடுக்குன்னு இழுத்தா அறுந்து போகும்."

கிளம்பினோம். மனிதர் நடக்கிற வேகத்தைக் காட்டிலும் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். பழுதான வண்டியைக் கட்டி இழுப்பதற்கு 1989-ஆம் ஆண்டின் சாலை விதிகள் என்ன சொல்லின என்று பிறகு தேடிப் பார்த்தேன். இரண்டு வண்டிகளுக்கும் நடுவே ஐந்து மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. கயிறோ சங்கிலியோ மற்றவர் கண்ணுக்கு எளிதில் தெரிய வேண்டும். மணிக்கு 24 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. இழுபடுகிற வண்டியின் பின்னால், வெள்ளைப் பின்னணியில், 75 மில்லிமீட்டருக்குக் குறையாத கறுப்பு எழுத்துக்களால், இது இழுத்துச் செல்லப்படும் வண்டி என்று எழுதி வைக்க வேண்டும். 2017-இல் அவற்றுக்குப் பதிலாகப் புதிய விதிகள் வந்தன. பெரியவர் இரண்டையும் படித்தவர் அல்லர். எழுத்து ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அவர் தம் போக்கில் செய்திருந்தார்.

அவர் தோட்டத்துத் திண்ணையில் எங்களுக்கு வரக்காப்பி கிடைத்தது. பேச்சுவாக்கில், "கல்லை ஏன் அப்படி எண்ணி எண்ணி எறிந்தீர்கள்?" என்று கேட்டேன். உள்ளேயிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தார், பிறகு மறைந்துவிட்டார். பெரியவர் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

"பன்னெண்டு வருசம் ஆச்சுங்க. இதே டிரைலருதானுங்க. கரும்பு லோடு. ராத்திரி அச்சு முறிஞ்சு நின்னு போச்சு. கொம்பை ஒடிச்சு வெச்சு, நாலு கல்லும் வெச்சுப் போட்டு, பட்டறைக்காரனைக் கூட்டியாறப் போயிட்டேன். அரைமணி நேரந்தானுங்க. மில்லுல ரெண்டாம் ஷிப்டு முடிஞ்சு ஒரு பையன் மோட்டார் சைக்கிள்ல வந்திருக்கறான். கல்லுல ஏறி அப்படியே கரும்புல போயி..."

அவர் முடிக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

"கேசு நடந்துச்சுங்க. பணங் கட்டச் சொன்னாங்க, கட்டினேன். கட்டினாத் தீருமுங்களா? அவிய அம்மா இந்த ரோட்டுலதான் தெனமும் பாலு ஊத்தப் போவாங்க. எதுக்கால அவியளைக் கண்டா வண்டியை ஓரங் கட்டி எறங்கி நின்னுக்குவேன். அவிய நிமுந்து பாக்கமாட்டாங்க. மூணு வருசங் கழிச்சு ஒரு நாளு நின்னாங்க. 'வண்டிக்கு வெளக்கு மாட்டிட்டயா?'ன்னாங்க. மாட்டிட்டேனுங்கன்னேன். போயிட்டாங்க. அதுதானுங்க பேசினது. அப்பறம் பேசினதில்லை."

கட்டுத்தறிப் பக்கம் மாடு ஒன்று மணி குலுங்கத் தலையை ஆட்டிற்று. அன்று நாங்கள் அங்கேதான் படுத்துக்கொண்டோம். தூங்கினோம் என்று சொல்வதற்கில்லை.

காலையில் மெக்கானிக் வந்தார். சின்ன வயசு. பானட்டைத் திறந்ததுமே, "பெல்ட்டு போயிருச்சுங்க சார்" என்றார். "லைட் எரிஞ்சதும் நிறுத்தியிருந்தா முந்நூறு நானூறு ரூபாயோட போயிருக்கும். நிறுத்தாம ஓட்டீட்டீங்க. ஹெட்டு வளைஞ்சிருக்கும்னு நெனைக்கிறேன்." அவர் நினைத்தது சரியாக இருந்தது. முந்நூறு ரூபாய் விஷயத்துக்குப் பதினெட்டாயிரம் கொடுத்தேன். இதில் ஒரு பைசாக்கூட அநியாயம் இல்லை. என் அசட்டுத்தனத்துக்கு அது குறைந்த விலை. கல்யாண வீட்டுத் தாம்பூலப் பைகளை டிக்கியிலிருந்து இறக்கி வைத்தபோது, அடியில் ஒரு சிவப்பு முக்கோணம் கிடந்தது. வண்டி வாங்கியபோது கொடுத்தது. அதன் பிளாஸ்டிக் உறைகூடக் கிழிபடவில்லை.

அந்தத் தம்பி வேலை செய்துகொண்டே எனக்குப் பாடம் நடத்தினார். சிவப்பு எரிந்தால் ஓரமாக நிறுத்து; மஞ்சள் எரிந்தால் சீக்கிரம் கவனி; பச்சையும் நீலமும் வெறும் தகவல். பழைய காலத்து எண்ணெய்ப் பூசி மாதிரி, மூக்கில் ஒரு சொட்டோடு இருக்கிற படம் சிவப்பாக எரிந்தால் எண்ணெயின் அழுத்தம் விழுந்துவிட்டது என்று பொருள். அடுத்த ஊர் வரைக்கும் போய்ப் பார்க்கலாம் என்று நினைக்கக்கூடக் கூடாது, அங்கேயே எஞ்சினை அணைக்க வேண்டும். வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி எரிந்தால் கைபிரேக்கை இறக்க மறந்திருப்போம். அது இறங்கியிருந்தும் எரிந்தால் பிரேக் எண்ணெய் குறைந்திருக்கும். எஞ்சின் கொதிக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். இவ்வளவுதான். பத்து நிமிஷப் பாடம். முப்பது வருஷமாக எனக்கு அந்தப் பத்து நிமிஷம் கிடைக்கவில்லை.

1930-களில் அமெரிக்காவின் ஹட்சன் கார்களில் முள்காட்டிகளுக்குப் பதிலாக இந்த மாதிரி விளக்குகளை வைத்தார்கள். முள்ளைப் படித்துப் புரிந்துகொள்ளத் தெரியாதவனுக்கும் விளக்கு எரிந்தால் தெரியும் அல்லவா? அதனால் அந்த ஊர்க்காரர்கள் அவற்றுக்கு 'முட்டாள் விளக்கு' என்று பட்டப் பெயர் வைத்தார்கள். முட்டாளுக்கென்று செய்த விளக்கையும் படிக்கத் தெரியாதவனை என்னவென்று சொல்வது? அவர்கள் அதற்குப் பெயர் வைத்ததாகத் தெரியவில்லை.

இதில் எனக்குக் கூடுதல் வெட்கம் ஒன்று உண்டு. நான் பிறந்த மண் மோட்டாரை வெறும் வேடிக்கை பார்த்த மண் அல்ல. ஜி.டி.நாயுடு 1920-இல் ஒரே ஒரு பஸ்ஸை வைத்துக்கொண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஓட்டத் தொடங்கினாரே, அதிலிருந்து இந்தச் சீமைக்கு மோட்டார்தான் மூச்சு. லாரிக்குக் கூண்டு கட்ட நாமக்கல், ஆழ்துளை போடும் வண்டிக்குத் திருச்செங்கோடு. இவ்வளவும் போதாதென்று, டாஷ்போர்டில் இருக்கிற முள்ளும் விளக்கும் கொண்ட கருவிகளைச் செய்கிற பிரிக்கால் தொழிற்சாலை 1975-இலிருந்து பெரியநாயக்கன்பாளையத்தில் நடந்து வருகிறது. சரவணம்பட்டியிலிருந்து கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். தேசம் முழுவதும் ஓடுகிற வண்டிகளுக்கு எச்சரிக்கை விளக்கு செய்து அனுப்புகிற ஊர்க்காரன், தன் வண்டியில் எரிந்த விளக்குக்குத் தப்பர்த்தம் சொன்னான்.

பெல்ட் மாட்டி முடிவதற்குள் பெரியவர் டிரைலரில் எரு ஏற்ற ஆரம்பித்திருந்தார். ஆட்கள் பின்பக்கமாகக் கொட்டிக்கொண்டே போக, அவர் அதட்டி முன்னால் தள்ளச் சொன்னார். மாட்டு வண்டி ஓட்டிய குடும்பங்களுக்கு இது புதிதல்ல. முன்பாரம் மிஞ்சினால் மாட்டின் கழுத்து நசுங்கும். பின்பாரம் மிஞ்சினால் நுகம் மேலே எழும்பி மாட்டின் தொண்டையை இறுக்கும். இரண்டுக்கும் நடுவே, முன்பாரம் ஒரு கை அதிகமாக இருக்க வேண்டும். டிரைலருக்கும் அதேதான். பின்னால் பாரம் மிகுந்தால் ஓட்டத்தில் அது நாய் வாலை ஆட்டுகிற மாதிரி ஆடத் தொடங்கும். ஆட்டம் மிஞ்சினால் முன்னே போகிற வண்டியையும் சேர்த்துப் புரட்டிவிடும். காருக்குப் பின்னால் டிரைலர் கட்டிக்கொண்டு உல்லாசப் பிரயாணம் போகிற மேல்நாட்டிலும், டிரைலரின் மொத்தப் பாரத்தில் நூற்றுக்குப் பத்திலிருந்து பதினைந்து பங்கு கொக்கியின் மேல் இருக்க வேண்டும் என்றுதான் கணக்குச் சொல்கிறார்கள். அப்பாரு கையால் தூக்கிப் பார்த்தே சொன்ன கணக்கு இது.

ஆட ஆரம்பித்துவிட்டால் வேகத்தை எழுப்பியும் தப்ப முடியாது, பிரேக்கை ஓங்கி மிதித்தும் தப்ப முடியாது. காலை எடுத்துவிட்டு, ஸ்டீரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, வேகம் தானாகத் தணிய விட வேண்டும். இறக்கத்திலோ பின்னால் வருகிற பாரம் முன்னே இருப்பதைத் தள்ளும். விவசாய டிரைலர்கள் அநேகமானவற்றுக்குத் தனிப் பிரேக் கிடையாது. இதே ரோட்டில் பண்ணாரியைத் தாண்டினால் திம்பம் மலைப்பாதை, இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகள். அங்கே இறங்குகிற நல்ல டிரைவர் எந்தக் கியரில் அந்த மேட்டை ஏறுவானோ அதே கியரில்தான் இறங்குவான். டீசலை மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் விடுகிறவன் உயிரைச் செலவழிக்கிறான். காட்டு விலங்குகளின் உயிரை உத்தேசித்து 2022 பிப்ரவரி 10 முதல் அந்த மலையில் இரவுப் போக்குவரத்துக்குத் தடை நடைமுறைக்கு வந்தது. விலங்குகளுக்கு அப்படி ஓர் உத்தரவு கிடைத்தது. கீழே சமவெளியில் இரவு ஷிப்டு முடிந்து வருகிற பையனுக்கு ஒரு சிவப்பு விளக்கைத் தவிர வேறு காவல் கிடையாது.

டிரைலரை டிராக்டரோடு கோப்பது விரல் பருமன் இரும்பு முளை ஒன்று. அது எழும்பி வராமல் இருக்க அதன் காலில் ஒரு கம்பி ஊக்கு. பெரியவர் அந்த ஊக்கை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். பெரிய தேரையும் சின்ன அச்சாணிதான் காக்கிறது என்று வள்ளுவர் சொல்லிவைத்ததை நாம் மேடையில் மனிதர்களைப் பற்றிப் பேசுவதற்கே உபயோகிக்கிறோம். அச்சாணியைப் பற்றியும் அது உண்மைதான் என்பதை மறந்துவிடுகிறோம். எல்லாம் முடிந்ததும் கடைசியாக அந்தச் சிவப்பு விளக்கைப் பாரத்தின் மேல் கட்டினார். பட்டப் பகல், காலை ஒன்பது மணி.

"இப்போது எதற்கு?" என்று கேட்க வாயெடுத்தவன், கேட்கவில்லை. யாருக்கோ ஒரு நாள் பதில் சொன்னவர் அவர்.

1865-இல் இங்கிலாந்தில் ஒரு சட்டம் போட்டார்கள். தானே ஓடுகிற வண்டிக்கு முன்னால் அறுபது கஜ தூரத்தில் ஓர் ஆள் சிவப்புக் கொடி பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். வண்டி ஊருக்குள் மணிக்கு இரண்டு மைல், வெளியே நாலு மைல். இதை எழுதி எல்லோரும் சிரிப்பது வழக்கம். நானும் ஒரு கதையில் சிரித்திருக்கிறேன். இப்போது அவ்வளவு சிரிப்பு வரவில்லை. 2022-ஆம் வருஷம் ஒன்றில் மட்டும் தமிழ்நாட்டுச் சாலைகளில் நடந்த விபத்துக்கள் 64,105. இறந்தவர்கள் 17,884 பேர். ஒரு நாளைக்கு நாற்பத்தொன்பது வீடு. அதில் எத்தனை வீடு நாலு கல்லாலும் ஒரு கிளையாலும் இருண்டதோ, அந்தக் கணக்கு யாரிடம் இருக்கிறது?

வண்டியில் இருக்கிற விளக்குகளை நான் இப்போது இரண்டு ஜாதியாகப் பிரித்து வைத்திருக்கிறேன். ஒன்று, வண்டி என்னிடம் பேசுகிற விளக்கு. அதைக் கேட்காமல் விட்டால் என் பணம் போகும். இன்னொன்று, என்னைப் பற்றி நான் பிறரிடம் பேசுகிற விளக்கு. 'நான் இங்கே நிற்கிறேன். நான் மெதுவாகப் போகிறேன். என் பின்னால் இன்னொரு வண்டி கட்டியிருக்கிறது' என்று முகம் தெரியாத ஒருவனுக்குச் சொல்லுகிற விளக்கு. அது அணைந்திருந்தால் எனக்கு ஒன்றும் தெரியாது. ஓட்டுகிறவன் உட்கார்ந்திருக்கிற இடத்திலிருந்து அது தெரியவே தெரியாது. இறங்கி, வண்டியைச் சுற்றி வந்து பார்த்தால்தான் தெரியும்.

சரவணம்பட்டி 2011-இல் கோவை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. என் வீட்டு ஜன்னலில் நின்றால் நடுநிசிக்கு மேலும் சத்தி ரோட்டில் கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகள் இரு சக்கர வண்டிகளில் போய்க்கொண்டிருப்பது தெரிகிறது. அவர்களுக்கு நடுவே, அந்தப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஒரு டிராக்டர் எப்போதாவது போகும். அதன் பின்னால் சிவப்பு தெரிகிறதா என்று என் கண் தானாகப் போய்ப் பார்க்கிறது. சில வண்டிகளில் தெரிகிறது.

காரில் சாவியைத் திருப்பியதும் டாஷ்போர்டில் எல்லா விளக்குகளும் ஒரு தரம் எரியும். பிறகு எஞ்சின் ஓட ஆரம்பித்தால் ஒவ்வொன்றாக அணையும். தங்களுக்கு உயிர் இருக்கிறது என்று அவை காட்டிக்கொள்கிற நேரம் அது. நான் அந்தச் சில விநாடிகள் காத்திருக்கிறேன். அதற்கு முன்பே இறங்கிப் பின்னால் போய் ஒரு சுற்றும் சுற்றி வந்துவிடுகிறேன். என் மனைவி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, தினமும் தவறாமல் கேட்கிறாள்:

"பொறத்தால எரியுதுங்களா?"

"எரியுது" என்று சொன்ன பிறகுதான் கண்ணாடியை ஏற்றுகிறாள்.